எந்த மங்கு என்று கேட்டவர்

சூசை காலமான செய்தியை அவர் மனைவி ரீத்தாவே போனில் சொன்னார். சிரம்பானில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

நீதிமன்றத்தில் அவருக்குச் சம்மன் கொடுக்கும் வேலை, எனக்கு மொழிபெயர்ப்பு. ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். லுக்குட் பக்கம் அவர் மோட்டார் சைக்கிள் நுழையாத ரப்பர் தோட்டம் இல்லை என்பது அவரை அறிந்த உங்களுக்கும் தெரியும்.

ஒருமுறை, வேலையை மேற்பார்க்கும் மண்டோரைத் தாக்கியதாக ஒரு பால்வெட்டுப் பெண் மீது வழக்கு. “மங்க எடுத்து வீசுனேங்க,” என்று ஒப்புக்கொண்டாள். பட்டணத்தில் வளர்ந்த எனக்கு மங்கு என்றால் பீங்கான் கிண்ணம். அப்படியே மலாயில் சொன்னேன். பீங்கானை ஆள்மேல் வீசினாளா என்று மாஜிஸ்திரேட்டின் முகம் இறுகியது.

இடைவேளையில் சூசை வந்தார். “பத்மா, அது ரப்பர் மரத்துல கட்டுற பால் மங்கு. வெறும் பிளாஸ்டிக்குதான்லா.”

தவற்றைச் சொன்னால் என் வேலை என்னாகுமோ என்று தயங்கினேன். அவளுக்குச் சம்மன் கொடுத்தவரும் அவர்தான். “ஒங்களுக்கு ஒரு திட்டு விழும். அவ வீட்டுல ரெண்டு சின்னப் புள்ளைங்க இருக்கு,” என்றார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

மன்றம் கூடியதும் எழுந்து திருத்தினேன். திட்டு விழுந்தது. அந்தப் பெண் எச்சரிக்கையோடு வீட்டுக்குப் போனாள்.

அதன்பின் சம்மனோடு போகும் வீடுகளிலெல்லாம் மங்கு என்றால் எது என்று சூசை விசாரிப்பார். ஒரு வீட்டில் சோற்றுத் தட்டு, இன்னொன்றில் குழம்புக் கிண்ணம். சி ரூசா என்ற ஊரில் ஒரு பெரியவருக்குச் சவரத் தண்ணீர் வைக்கும் பாத்திரம். மலாய்க்காரர்கள் கிண்ணத்துக்குச் சொல்லும் ‘மங்கோக்’தான் வால் அறுந்து நம்மிடம் வந்தது என்பேன் நான்.

“இருக்கலாம். ஆனா தமிழ்நாட்டுலயும் பீங்கான மங்குன்னு சொல்றாங்களே. கப்பல் ரெண்டு பக்கமும் போச்சு, பத்மா,” என்பார். முடிவு தெரியுமுன் தேநீர் தீர்ந்துவிடும்.

அடக்கத்துக்கு அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. “சம்மன் குடுக்க வந்தவரு, நான் அழுதத பாத்துட்டு ஒக்காந்து பேசிட்டுப் போனாரு,” என்று ரீத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்றும் ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால், மன்றத்தைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பேசியவரிடமே திரும்பிக் கேட்கிறேன். தெரியாது என்று பலர் முன் சொல்ல இப்போது எனக்குக் கூச்சமில்லை. சூசையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது.