அக்காவின் ஜாடியில் சர்க்கரை இல்லை

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. இன்று பூசைக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவர் வாழ்க்கையை நடந்த வரிசையில் சொல்வது தம்பியாகிய என் கடமை.

அக்கா பிறந்தது ஆத்தூரில். அம்மா எங்களை விட்டுப் போனபோது அவருக்கு அடுப்பு எட்டாத வயது. பலகை போட்டு ஏறி நின்று எனக்குக் கஞ்சி காய்ச்சினார். சேலத்தில் வாழ்க்கைப்பட்டார். அவர் கணவரான எங்கள் மாமா மேட்டூர் அணைக்கட்டில் மேஸ்திரியாக இருந்தவர். பிள்ளைகள் இல்லை. மாமாவின் தங்கை விதவையாகி அதே வீட்டுக்கு வந்தார். அக்காவும் அந்த நாத்தனாரும் ஒரே அடுப்பில் சமைத்து, நாள்தோறும் சண்டை போட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள்.

போரால் கப்பல் நின்றதும் சீமையிலிருந்து வரும், பூசைக்கான திராட்சை இரசம் கோவிலுக்குக் கிடைக்கவில்லை. பங்குச் சுவாமியார் சர்க்காரில் அனுமதி பெற்று, கோவில் பந்தலில் காய்த்த பன்னீர் திராட்சையை இரசம் செய்ய அக்காவிடம் ஒப்படைத்தார். நம்முடையது மதுவிலக்கு வந்த ஜில்லா. இரசம் நுரைக்கும் வாசனை தெருவுக்கு எட்டியதும், "கள்ளுக்கடைய மூடுனாங்க, நீங்க ஊட்டுல தெறந்துட்டீங்களாக்கும்?" என்று பக்கத்து வீட்டார் கேலி செய்தார்கள்.

பழத்தைக் கழுவக் கூடாது. தோலின் மேல் படிந்த வெண்மைதான் சாற்றை நுரைக்கச் செய்வது. பிசைந்து ஜாடியில் இட்டபின், மேலே மிதக்கும் தோலை அகப்பையால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அசந்தால் புளித்துக் காடியாகிவிடும். அதனால் அக்கா, குடிதண்ணீர்ப் பானையைப் போல ஜாடியை ஈர மணலில் பதித்து நனைந்த சாக்கைச் சுற்றினார். சாற்றில் தண்ணீரோ சர்க்கரையோ கலந்தால் அது பூசைக்கு ஆகாது. இதில் அவர் மிகக் கண்டிப்பு.

தெளிந்த இரசத்தைச் சுவாமியார் மெச்சினார். அவ்வாண்டே மாமா விஷக் காய்ச்சலில் இறந்தார். அவருடைய ஆன்மாவுக்கான பூசைகளும் அந்த இரசத்தில்தான் நடந்தன.

பிறகு ஒரு நாள் சண்டையில் நாத்தனார், "அந்த இனிப்பு உங்க கைப்பக்குவம்னு நெனச்சீங்களா? நாந்தானுங்க ரெண்டு கை சக்கர போட்டேன்" என்றார். மாமாவின் பூசைகள் ஆகாமல் போயிருக்குமோ என்ற கவலை அக்காவைப் பிடித்துக்கொண்டது.

இந்தக் கவலையால் நோய் வந்ததென்று சிலர் சொல்வது சரியன்று. இருதயம் பலவீனமென்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் படுத்தபின் உணவு இறங்காமல் போனது அந்தச் சொல்லால்தான். என்னை அருகே அழைத்து, "மாமாவுக்கு வெச்ச பூசையில ஒண்ணாச்சும் அவருக்குப் போய்ச் சேந்திருக்குமா தம்பி?" என்று கேட்டார்.

நான் நாத்தனாரிடம் சொன்னேன். மாவுக் கையைக்கூடக் கழுவாமல் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

"அன்னிக்குச் சக்கர ஏதுங்க அண்ணி? ரேஷன் கார்டுல வந்தது காப்பிக்கே காணலீங்க. பழத்தப் பெசஞ்சு கை எரிஞ்சு கெடந்தவ நானு. சாமியாரு உங்களையே மெச்சுனாரு. அந்த வயித்தெரிச்சல்ல சொன்னதுங்க. சாமிக்குப் போற ரசத்துல நாங் கை வெப்பனா? எங்கண்ணன் பூசை மேல ஆணைங்க."

அக்கா, "பெசஞ்சது நீதான். அத நான் சாமியார்கிட்டச் சொல்லீருக்கோணும்" என்றார். பிறகு கஞ்சி கேட்டார். "இதுல வேணும்னா ரெண்டு கை போடு" என்று சிரிக்கவும் செய்தார்.

அதன்பின் இருந்த நாட்களில் நன்றாக உண்டார், உறங்கினார். நாத்தனாரின் கையைப் பிடித்தபடி அமைதியாகக் கண்மூடினார். எங்களுக்கும் மனம் ஆறியது.

கட்டணம் கேளாமல் வந்து பார்த்த வைத்தியருக்கும், நோயில் பரிசுத்த எண்ணெய் பூசிய சுவாமியாருக்கும், பெட்டி சுமந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. "சக்கர போட்டேன்னு நாஞ் சொன்னது பொய்யின்னே எழுதுங்க தம்பி, ஒருத்தரும் சந்தேகப்படக் கூடாது" என்று என்னை எழுதச் சொன்ன நாத்தனாருக்குத் தனி நன்றி.

அக்காவின் அடக்கப் பூசையில் அந்த ஜாடியின் கடைசி இரசம் வார்க்கப்பட்டது. இன்றைய பூசைக்கான இரசம் நாத்தனார் செய்தது. இதைச் சுவாமியாரிடம் நானே சொல்லிவிட்டேன்.