அத்திம்பேர் தேடிய வெளிர் சாம்பல்

பெயிண்ட் கடையில் தரும் நிற அட்டையை அத்திம்பேர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். என் அக்காவின் கணவர், ஓய்வு பெற்றவர். வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் என்று கேட்டால், "ஏதோ ஒண்ணு அடிங்கோ" என்பார். தன் பழைய அம்பாசடரின் என்ஜினுக்கு நிறம் தேர்ந்தெடுக்க மட்டும் மனிதர் எங்கள் எல்லாருடைய உயிரையும் வாங்கினார்.

காரணம் அக்காதான். ஒருமுறை கொள்ளிடம் பாலத்தின் நடுவில் பானெட்டிலிருந்து குபுகுபுவென்று புகை கிளம்ப, அவள் இறங்கி ஆட்டோ பிடித்து ஸ்ரீரங்கம் வந்துவிட்டாள். "இனிமே இந்த வண்டில கால் வெச்சா ஏன்னு கேளுங்கோ" என்றவள், சொன்னபடியே இருந்தாள். அவள் இல்லாமல் அவரும் வண்டியை எடுக்கவில்லை. அவளைப் பக்கத்து ஸீட்டில் மறுபடி உட்கார வைக்க வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை.

என்ஜினைப் பிரித்துப் பழுது பார்த்தாயிற்று. புகைக்குழாய்க்குச் சூடு தாங்கும் பெயிண்ட், அதில் தகராறில்லை. என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரில்தான் சண்டை. "கறுப்பு அடிச்சிடலாம் சார், அழுக்கே தெரியாது" என்றார் பாலக்கரை பெயிண்டர்.

"தெரியணும்ங்க! எண்ணெய் கசிஞ்சா உடனே கண்ணுல படணும். அன்னிக்குப் புகைஞ்சதே அதனாலதான்" என்றார் அத்திம்பேர்.

வெளிர் சாம்பல் என்று முடிவானது. எந்த வெளிர் சாம்பல் என்று பார்த்துப் பார்த்தே ஆயுத பூஜை வந்துவிட்டது. முதல் நாள் சாயங்காலம் அவசர அவசரமாக அடித்தார்கள். இரவெல்லாம் மழை.

காலையில் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். அரிவாள்மணை, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு இட்டவள், திறந்திருந்த பானெட் முன்னால் சற்று நின்றாள். என்ன தோன்றியதோ, டேப்பட் கவரிலும் மூன்று பொட்டு அழுத்தி வைத்தாள். காயாத பெயிண்ட் விரலோடு வந்தது. சந்தனம் உள்ளே பதிந்துவிட்டது.

"ரங்கா! கெடுத்துட்டேனே!" என்று பெருமாளைக் கூப்பிட்டாள் அக்கா.

அத்திம்பேருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "துடைச்சுட்டு மறுபடி அடிச்சுடலாம்" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம். அவ வண்டியத் தொட்டுட்டா. எனக்கு அது போதும்" என்றார் பின்னாலேயே வந்து நின்ற அத்திம்பேர்.

அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு அப்படியொரு பிரியம் வந்தது.

அன்றைக்கே அக்கா ஏறி உட்கார்ந்தாள் என்று எழுத ஆசைதான். அவள் பிடிவாதத்துக்குத் தை பிறக்க வேண்டியிருந்தது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் இருவரும் ஜீயபுரம் வரை போய் வருகிறார்கள். புறப்படுமுன் பானெட்டைத் திறந்து கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது அக்காதான். "சுத்தமா இருக்கு, எடுங்கோ" என்று அவள் வந்து உட்கார்ந்த பிறகே அவர் சாவியைத் திருப்புவார்.