சரோஜா அக்காவின் கொப்பியிலிருந்து நான் எடுத்த பெயர்கள்

அன்று காலை எழுந்ததும் முதலில், முந்தின நாள் மழையில் நனைந்த சப்பாத்துகளுக்குள் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து அடுப்பருகே வைத்தேன். அப்போதுதான் சரோஜா அக்காவின் மகள் கவிதா அழைத்தாள்.

"மிஸ், அம்மா போயிட்டாங்க. விடியக்காலம நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரல."

அழுகையை அடக்கிக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். "பதினாறாம் நாளுக்கு நினைவு மலர் போடுறோம். நீங்கதான் எழுதணும். அம்மாவ ஒங்களவிட யாருக்குத் தெரியும்?"

தெரியும் என்பதால்தான் எழுதப் பயமாக இருந்தது.

தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் சரோஜா அக்கா குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது மருத்துவிச்சியாக, வேலை பார்த்தார். இதை வாசிக்கும் பலருடைய பிள்ளைகளை முதலில் தராசில் வைத்தவர் அவர்தான். நான் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கொரோனாக் காலத்தில் இருவரும் சேர்ந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாக நடந்தோம்.

மேலிடத்திலிருந்து சிங்களத்தில் வந்த அறிவித்தல்களைத் தமிழாக்குவது என் வேலை. 'கொழும்பிலிருந்து வந்தவர்கள் தனி அறையில், தனிக் கழிவறையுடன் இருக்க வேண்டும்' என்று ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அக்கா படித்துவிட்டு முகக்கவசத்துக்குள்ளேயே சிரித்தார். "தனி அறையா? எந்த லயத்துல மிஸ் பார்த்தீங்க? சொன்னா நானும் போய் ரெண்டு நாள் படுத்துக்குவேன்." பிறகு, கொழும்பிலிருந்து வந்தவர்களைத் தங்கவைக்க, குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவைத் திறந்துவிடும்படி தோட்ட நிர்வாகத்திடம் வாதாடி, சாவியை வாங்கினார்.

கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த பிள்ளைகள் சத்தமில்லாமல் ஊருக்கு வந்துகொண்டிருந்தார்கள். யார் வந்தது என்று அதிகாரிகள் கேட்டால் ஒரு வாயும் திறக்காது. அக்கா கேட்கவே மாட்டார். துணி காயும் கொடியைப் பார்ப்பார். "என்னா ராக்கம்மா, கொடியில ஜீன்ஸ் தொங்குது! நீ எப்பயிருந்து போட ஆரம்பிச்ச?" ராக்கம்மா சிரிப்பார். சிரித்தபின் மகன் வந்திருப்பதைச் சொல்லிவிடுவார். "பேரு என் கொப்பியோட இருக்கும். வேற எங்கயும் போகாது," என்று கையிலிருந்த குறிப்பேட்டைக் காட்டி அக்கா ஒவ்வொரு வாசலிலும் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நம்பி அந்தப் பிரிவில் பத்தொன்பது குடும்பங்கள் பேசின.

ஒருநாள் அவரிடம் சொன்னேன், "அரசாங்கம் சொன்னா கேக்காதவங்க நீங்க சொன்னா கேக்குறாங்களே அக்கா." அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "அவங்களுக்கு அரசாங்கம்னா யாரு மிஸ்? கதவத் தட்டுற ஆளுதான்."

அந்தக் குடும்பங்களுக்கான உலர் உணவுப் பொதிகளுக்கு அனுமதி எடுக்க அந்தக் கொப்பியை அக்கா என்னிடம் தந்தார். குடும்பங்களின் எண்ணிக்கை மட்டும் போதும் என்றும் சொன்னார். அலுவலகத்தில் பெயர்கள் இல்லாமல் அறிக்கையை வாங்க மறுத்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குள் வேண்டும் என்றார்கள். நான் பத்தொன்பது குடும்பத் தலைவர்களின் பெயர்களையும் லய எண்களுடன் தட்டச்சு செய்து அனுப்பினேன். கோப்புக்குள்ளேயே இருக்கும் என்று நினைத்ததாகப் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அப்போது நான் எதையும் நினைக்கவில்லை.

மறுநாள் அந்தப் பட்டியல் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. அதிலிருந்த வீட்டுக்காரர்களைக் கங்காணி வேலைக்கு எடுக்காமல் திருப்பி அனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர்களைப் பொதுப் பீலியில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. அன்றோடு எல்லா வாய்களும் மூடின. கொடிகளில் ஜீன்ஸ் காய்வதும் நின்றது.

ராக்கம்மாவின் கணவர் முனியாண்டி அண்ணனுக்குக் காய்ச்சல் வந்ததை யாரும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் "வெறும் தடிமன், சளிதான்" என்றார்கள். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே வண்டி தேடினார்கள். அவர் பிழைக்கவில்லை. கொரோனா என்பதால் அவருடைய உடலும் வீட்டுக்கு வரவில்லை.

செய்தி கேட்டு நாங்கள் இருவரும் போனோம். ராக்கம்மா வாசலிலேயே அக்காவை நிறுத்தினார். "ஒன்னய நம்பித்தானேடி சொன்னேன்? எம் புருசன் பேரச் செவுத்துல ஒட்டவா கொப்பிய தூக்கிக்கிட்டு வந்த?" அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் இரண்டடி பின்னால், முகக்கவசத்தோடு நின்றேன். ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. நான் சொல்லவில்லை.

இறங்கி வரும்போது, ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். "ஒங்க மேல கோவப்பட்டா சாமான் வாங்க வரமாட்டாங்க, ஊசி போடவும் வரமாட்டாங்க. எம்மேல கோவப்பட்டா என்னா, புள்ள பெத்துக்க எப்படியும் என்கிட்டதானே வரணும்?" என்று சிரித்தார்.

அவர் போட்ட அந்தக் கணக்கு பிழைத்துப்போனது. ராக்கம்மாவின் மருமகள் பிள்ளை உண்டானபோது, தலவாக்கலைக்குப் பஸ் ஏறிப் போய்த்தான் பதிந்துகொண்டாள். அந்த வரிசையில் சில கதவுகள் கடைசிவரை அக்காவுக்குத் திறக்கவில்லை. மேட்டில் ஏறிப்போய்த் தட்டிவிட்டுத் திரும்புவார். அதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். பிறகு அவரோடு அந்தப் பக்கம் போவதையே தவிர்த்தேன்.

நோயை எப்படிக் கட்டுப்படுத்தினோம் என்று பிற்பாடு நடந்த கூட்டங்களில் நானும் பேசினேன். சட்டம், முடக்கம், தடுப்பூசி என்றெல்லாம் பேசினேன். ஒரு பெண்ணின் வாக்கை நம்பிப் பத்தொன்பது குடும்பங்கள் வாய் திறந்ததையும், அந்த வாக்கை நான் ஒரே முற்பகலில் உடைத்ததையும் பேசவில்லை. அக்கா சபையில் பின்வரிசையில் இருந்து கைதட்டினார்.

அவருடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வாசலில் அவர் காத்த மௌனம். அது இத்தனை வருடமும் எனக்குச் சௌகரியமாக இருந்தது. இனி அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

இந்த மலர் அச்சாகி உங்கள் கைக்கு வருமுன், வருகிற ஞாயிற்றுக்கிழமை ராக்கம்மாவின் வீட்டுக்குப் போகிறேன். கதவு திறக்காவிட்டால் வாசலிலேயே நின்று, அடுத்த வீட்டுக் காம்பராக்களுக்கும் கேட்கும்படி சொல்வேன். கவிதாவிடம்கூட இதை இன்னும் சொல்லவில்லை.