மூன்று தரம் கேட்கும் வழக்கம்

எங்கள் சங்கத்தில் தலைவராக வரச் சொல்லிக் கேட்டால், முதல் தரம் யாரும் ஓம் என்று சொல்வதில்லை. அது மரியாதை இல்லை. முதல் தரம் கேட்கும்போது, "ஐயோ, நானோ? வேற ஆளைப் பாருங்கோ" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தரம் கேட்கும்போது, "எனக்கு ஏலாது" என்று நிலத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் கேட்டபிறகு பதிலுக்கு ஒருவரும் காத்திருக்கமாட்டார்கள், கை தட்டிவிடுவார்கள். கை தட்டினால் முடிந்தது. சங்கத்தின் விதிகளை எழுதிவைத்திருக்கும் யாப்பில் இப்படி ஒன்றும் இல்லை. கோயில் திருநாளுக்குப் பொறுப்பெடுக்கும் வழக்கத்திலிருந்து சங்கத்துக்குள் வந்திருக்க வேண்டும். ஒருமுறை ஒருவர் முதல் தரமே "ஓம், செய்யிறன்" என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர், வேலையையும் நன்றாகத்தான் செய்தார். ஆனால் அவர் பதவியில் இருந்த காலம் முழுக்க, தேத்தண்ணி கொடுக்கிறவர்கள்கூட, "அவருக்கு ரெண்டாந்தரம் கேக்கத் தேவையில்லை, ஊத்துங்கோ" என்று சிரிப்பார்கள்.

யாழ்ப்பாணத் தீவுகளின் கத்தோலிக்கப் பங்குகளில் இளையோரைக் கவனிக்க நியமிக்கப்பட்டவர்களின் சங்கம் அது. நாங்கள் குருக்களும் இல்லை, கன்னியரும் இல்லை. பங்கு தரும் சிறிய படிக்காசோடு, கடல் தொழிலையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு இந்தப் பணியைச் செய்கிறவர்கள். பூசை முடிந்ததும் பெடியன் பெட்டையளைக் கூட்டி வைத்துக் கதைப்போம். படிப்பை விட்டவனின் வீட்டுக்குப் போவோம். குடிக்கத் தொடங்கியவனின் தாயோடு இருந்து அழுவோம். முகாம் நடத்துவோம். யாரும் பெண்பிள்ளைகளைத் தனியே கூட்டிக்கொண்டு போகக்கூடாது, முகாமில் இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகளைச் சங்கம்தான் வைத்தது. விதியை மீறியவரைக் கூப்பிட்டு விசாரித்ததும் சங்கம்தான்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். அதன்பிறகு இடம்பெயர்வு, பிறகு கடல். முகாம்களில் சமைக்கப் போய்த்தான் இந்தப் பணிக்குள் வந்தேன். வெங்காயம் உரிக்க வந்து பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள், கூட்டத்தில் சொல்லாத கதையெல்லாம் என்னிடம் சொல்வார்கள். நான் பேசமாட்டேன், கேட்பேன். அதுதான் நல்லது என்று பங்குத்தந்தை என்னை நியமித்துவிட்டார்.

ஒரு வருடக் கூட்டத்தில் தலைவர் பதவிக்கு என் பெயரைச் சொன்னார்கள். "எனக்கு ஏலாது, நான் நாலு பேருக்கு முன்னால நிண்டு கதைக்கமாட்டன்" என்றேன். "எவ்வளவு தாழ்மை பாருங்கோ" என்றார்கள். இரண்டாம் தரமும் சொன்னேன். அப்போது நான் நிலத்தைப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பழைய தலைவரின் முகத்தையே பார்த்தேன், இந்த மனிதருக்காவது விளங்காதா என்று. அவர் சிரித்துக்கொண்டே மூன்றாம் தரம் கேட்டார். கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி கேட்டாள்:

"மாட்டன் எண்டு சொல்லேல்லையோ?"

"சொன்னனான். ரெண்டு தரம்."

"அதுதான் பிழை. ஒருக்கா ஓம் எண்டு சொல்லியிருந்தா, ஆள் சரியில்லை எண்டு விட்டிருப்பாங்கள்."

இப்படித்தான் நான் தலைவரானேன். கூட்டத்துக்கு முன் கடலில் தனியே நின்று, சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். தலைவர் என்ற சொல்லுக்கு இருக்கிற பலம் எனக்கு ஒரு முறைதான் உண்மையில் தெரிந்தது. மண்டைதீவில் எங்கள் பணியாளர் ஒருவரைப் பங்கிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் நண்டுத் தொழில் செய்கிறவர், வாய்க்காரர், யாரோடோ சண்டை. நான் அந்தப் பங்குத்தந்தையிடம் போய், "நான் சங்கத் தலைவர், சுவாமி" என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து நான் இருக்கக் கதிரை போட்டார். மிச்சத்தை அவரே கதைத்தார். மண்டைதீவுக்காரர் திரும்பவும் வேலைக்குப் போனார்.

யாப்பின்படி ஒருவர் இரண்டு தவணைதான் தலைவராக இருக்கலாம். என் இரண்டாம் தவணை முடியப்போகும் நேரம், இளையோர் பணிக்குப் பொறுப்பான குரு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு சொல் சொன்னார். வரும் வருடக் கூட்டத்தில் புதிய தலைவர் கிடைக்காவிட்டால், தீவுச் சங்கத்தைக் கலைத்து நகரச் சங்கத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

"நானே இன்னொருக்கா செய்யட்டோ சுவாமி?" என்று கேட்டேன். வாழ்க்கையில் ஒரு பதவியை நானாகக் கேட்டது அது ஒன்றுதான்.

"யாப்பு விடாது. உங்களுக்கு ஒருக்கா மாத்தினா எல்லாரும் கேப்பினம்" என்றார்.

நகரச் சங்கம் கூடுவது பின்னேரம், கந்தோர் வேலை முடிந்தபிறகு. நெடுந்தீவுக்குக் கடைசிப் படகு அதற்கு முன்னரே குறிகட்டுவான் இறங்குதுறையை விட்டுப் போய்விடும். அனலைதீவுக்கும் அப்படித்தான். சேர்த்துவிட்டால் தீவுக்காரர் கூட்டத்துக்குப் போக ஏலாது. போகாதவனுக்காகக் கதைக்க அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

நான் ஆள் தேடி அலைந்தேன். அனலைதீவில் இருந்த நல்ல பணியாளர் வெளிநாடு போய்விட்டார். மண்டைதீவுக்காரரைக் கேட்டேன். "அண்ணை, எனக்குக் கோவம் வந்தா வாயில என்ன வரும் எண்டு எனக்கே தெரியாது. ஆயருக்கு முன்னால வந்தா என்ன செய்யிறது?" என்றார். மற்றவர்கள் புதியவர்கள், யாப்பு கேட்கும் அனுபவம் அவர்களுக்கு இல்லை. மிஞ்சியது நெடுந்தீவுப் பெண் ஒருத்தி. என்னை விடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைந்தவள், எங்களில் கெட்டிக்காரி. நெடுந்தீவில் வேலைவெட்டி இல்லாமல் இறங்குதுறையில் நின்ற பெடியன்களைச் சேர்த்து, இரண்டு வருடத்தில் ஒரு நாடகக் குழுவே உண்டாக்கியவள். அவளுடைய கணவனுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திருந்தது எங்களுக்குத் தெரியும். இப்போது எழும்பி நடக்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் அதை நம்பினேன். நம்ப வேண்டியிருந்தது.

தொலைபேசியில் கேட்டேன். "கூட்டத்துக்கு வந்து கதைப்பம் அண்ணை" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் அதை ஓம் என்றுதான் எடுப்பார்கள். நானும் எடுத்தேன்.

கூட்டம் எங்கள் ஊர்காவற்றுறைப் பங்கு மண்டபத்தில். அன்று காற்று. நெடுந்தீவுப் படகு பிந்தி, பஸ்சும் பிந்தி, அவள் வரும்போது செபம் முடிந்து அறிக்கையும் வாசித்தாயிற்று. சேலையில் உப்புத் தண்ணீர் பட்டுக் காய்ந்திருந்தது. கடைசி வரிசையில் இருந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் வந்துவிட்டாள் என்று எனக்கு வந்த ஆறுதல், வலை நிறைய மீன் பட்டபோதும் வந்ததில்லை.

தெரிவு தொடங்கியது. கேட்பது தலைவரின் வேலை. நான் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"ஐயோ அண்ணை, நானோ? வேற ஆளைப் பாருங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். ஒழுங்காகப் போகிறது என்ற சிரிப்பு. மண்டைதீவுக்காரர், "நெடுந்தீவில காட்டுக் குதிரையையே மடக்குறவ, எங்களை மடக்கமாட்டாவோ?" என்றார். இன்னும் சிரிப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த குருவும் சிரித்தார்.

இரண்டாம் தரம் கேட்டேன்.

"எனக்கு ஏலாது அண்ணை."

சொல்லும்போது அவள் நிலத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நேரே, கண் வெட்டாமல்.

மண்டபத்தில் எல்லோரும் கைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்கள், தட்டுவதற்கு. நான் ஒரு சொல் கேட்டால் போதும். அவள் சொல்வதை யாரும் கேட்கப் போவதில்லை. அவளும் எழுந்து நின்று எல்லோரையும் அவமானப்படுத்துகிற பெண் இல்லை. ஏற்றுக்கொண்டு, படகு ஏறி, மழையிலும் காற்றிலும் வந்து போவாள். சங்கம் பிழைக்கும். அவளுக்கு ஏலாது என்று தெரிந்த ஒரே ஆள் அந்த மண்டபத்தில் நான்தான். அதே பார்வையை நானும் ஒருமுறை பார்த்திருக்கிறேன், பழைய தலைவரின் முகத்தைப் பார்த்து நின்ற அன்று.

"கேளுங்கோ அண்ணை, படகுக்கு நேரமாகுது" என்றார் மண்டைதீவுக்காரர்.

 கடலில் சொல்லிப் பார்த்த சொல் ஒன்றும் இப்போது உதவவில்லை.

"தங்கச்சி மாட்டாவாம்" என்றேன்.

பகிடி என்று நினைத்து ஒருவர் சிரித்தார்.

"உண்மையாத்தான். அவவுக்கு ஏலாது."

"மூண்டாந்தரம் கேக்காமல் எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

தூக்கிய கைகள் மெதுவாக மடிக்கு இறங்கின. குரு வேறு யாரும் உண்டா என்று கேட்டார். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவரும் நிமிரவில்லை. அவர் சற்று நேரம் பேனையின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நகரத்தோட சேர்க்கிறதுதான்" என்றார். முடிவுச் செபத்தை நான் சொல்ல வேண்டும். கர்த்தர் கற்பித்த செபத்தின் நடுவில் எனக்கு வார்த்தை மறந்துபோனது. மற்றவர்கள் சேர்ந்து முடித்தார்கள்.

அவளை பஸ் நிற்கும் இடம் வரை கொண்டுபோய் விட்டேன். 

"என்னில கோவமோ அண்ணை?"

"உம்மில என்னத்துக்கு?"

"அவர் நடக்கிறார் எண்டு சொல்லுறது பொய். சுவரைப் பிடிச்சு நிப்பார், அவ்வளவுதான். என்ர கையால தராட்டி சாப்பிடுறார் இல்லை. தாய் தீத்தினாலும் வாயை இறுக்கிப் பிடிச்சிருப்பார். காலமை கஞ்சி குடுத்திட்டு வந்தனான். இனிப் போய்த்தான்."

"ரெலிபோனில சொல்லியிருக்கலாமே பிள்ளை."

"எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் அப்பிடி ஆசையாக் கேட்டீங்கள்."

பஸ் வந்தது. அவள் ஏறிப் போனாள். நான் மண்டபத்துக்குத் திரும்பிப் போய்க் கதிரைகளை அடுக்கினேன். மண்டைதீவுக்காரர் எனக்கு உதவி செய்யாமல் வாசலில் நின்றார். "ஒரு கைதட்டில காப்பாத்தியிருக்கலாம். உங்களுக்கு வாய் திறக்க எது நேரம், மூட எது நேரம் எண்டு தெரியாது" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். அதன்பிறகு கனகாலம் என்னோடு கதைக்கவில்லை. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். நாளைக்கு அவரை நிறுத்தினால் போய்க் கேட்க யார் இருக்கிறார்கள்?

நகரச் சங்கத்தில் எங்களை நல்லபடியாகத்தான் வரவேற்றார்கள். மண்டபத்தில் மின்விசிறி உண்டு. நான் பஸ்சில் போய்ப் பின்வரிசையில் இருந்துவிட்டு வருவேன். கூட்டம் தொடங்கும்போது வரவு கூப்பிடுவார்கள். நெடுந்தீவு என்று கூப்பிட்டால் பதில் இருக்காது. ஒவ்வொரு முறையும் நான் எழுந்து, அவர்களுக்குத் திரும்பிப் போகப் படகு இல்லை என்று சொல்ல நினைப்பேன். எழும்புவதற்குள் அடுத்த ஊரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நான் பயந்தது நடந்தது. நெடுந்தீவுக்குப் புதிதாக வந்த பங்குத்தந்தை அவளை நிறுத்தப் போகிறார் என்று அவளே தொலைபேசியில் சொன்னாள். "கூட்டம் ஒண்டுக்கும் போறதில்லையாம், வேற ஆளைப் போடப் போறாராம். பரவாயில்லை அண்ணை, சொல்ல வேணும் போல இருந்துது, அதுதான் எடுத்தனான்" என்றாள். பரவாயில்லை என்று இரண்டு தரம் சொன்னாள். அந்தப் பெடியன்கள் இல்லாவிட்டால் அவளுக்கு அந்த வீட்டையும் சுவரையும் தவிர ஒன்றும் இல்லை. அவளை அந்த மண்டபத்தில் தப்பவிட்டது நான்தான். அதனாலேயே அவளுடைய வேலை போகிறது.

தொழிலுக்குப் போகாமல் படகேறினேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த கிழவர் செபமாலை சொல்கிறேன் என்று நினைத்துக் கால்களை ஒடுக்கி இடம் விட்டார்.

குரு வாலிபர். தான் தங்கும் அறைவீட்டு வாசலில் நின்று கேட்டார்.

"நீங்கள்?"

"ஊர்காவற்றுறை, சுவாமி. முந்தித் தீவுச் சங்கத் தலைவர்."

"அது இப்ப இல்லையே. இப்ப என்ன?"

"இப்ப ஒண்டும் இல்லை சுவாமி."

கதிரை போடவில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன். அவள் ஏன் கூட்டத்துக்கு வர ஏலாது, கணவன் யாருடைய கையால் சாப்பிடுகிறார், இறங்குதுறைப் பெடியன்கள் முன்பு எப்படி இருந்தார்கள் என்று எல்லாவற்றையும் ஒழுங்கில்லாமல் சொன்னேன். கடைசியில், அவளை வைத்திருக்கச் சொல்லிக் கேட்டேன்.

"முடிவெடுத்தாச்சு அண்ணை" என்றார்.

இரண்டாம் தரம் கேட்டேன்.

"ஒருத்தருக்காக ஒழுங்கை மாத்த ஏலாது" என்று நிலத்தைப் பார்த்தார்.

அவர் நிலத்தைத்தான் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அதைக் கண்டதும், எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, மூன்றாம் தரமும் கேட்டேன். கை தட்ட அங்கே ஒருவரும் இல்லை. முற்றத்து வேலியோரம் மாடொன்று நின்று அசைபோட்டது. அவர் அந்த மாட்டைப் பார்த்தார்.

"நாளைக்குப் பூசை முடிய அவவை வந்து என்னைக் காணச் சொல்லுங்கோ" என்றார்.

அது ஓமா, இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அவள் வீடு பக்கத்தில்தான். படலையைத் திறந்தபோது அவள் கணவனுக்குக் கஞ்சி தீத்திக்கொண்டிருந்தாள். கரண்டியைப் பாதி வழியில் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"முதல்ல அவருக்குக் குடும், தங்கச்சி" என்றேன். அவர் வாயைத் திறக்கும்வரை நான் வாசலிலேயே நின்றேன்.