மூன்றே புட்டியில் பூரண குணம்

போன மாதம் தோழி பூங்கொடி என்னிடமிருந்து ஒரு பழைய பஞ்சாங்கத்தை வாங்கிப் போனாள். திருச்செங்கோட்டில் பார்மசி கல்லூரி ஆசிரியை. அந்தக் கால மருந்து விளம்பரங்கள் சொன்னதில் எது நிஜம் என்று மாணவர்களை அலச வைக்கிறாளாம்.

மறுநாளே போன். "பின் அட்டைல எங்க தாத்தா இருக்காருங்க."

ஒரு டானிக் விளம்பரம் அது. இளைப்பு, குன்மம், சொறி, நரம்புத் தளர்ச்சி – எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதுமாம். உள்ளே என்ன சரக்கு? அதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. கீழே எருமப்பட்டியிலிருந்து ஒரு நன்றிக் கடிதம்: பல வருட இளைப்பு, மூன்றே புட்டியில் பூரண குணம். எழுதியவர் அவளுடைய தாத்தா.

அதே விளம்பரத்தைக் கத்தரித்து, எருமப்பட்டி வீட்டில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். துண்டில் வருடம் கிடையாது. அந்த வீட்டில் இருப்பவர் பெரியப்பா. எழுபத்தைந்து வயது, சர்க்கரை. செல்போன் வீடியோவில் நாலு பேர் குணமானதாகச் சொன்னதை நம்பி ஏதோ சூரணம் வாங்கி, மாத்திரையை நிறுத்திவிட்டார். கால் புண் ஆறவில்லை. கேட்டால் ஃப்ரேமைக் காட்டுவார். அவரைப் பெற்ற அய்யனே இப்படி ஒரு மருந்தில் பிழைத்தவர்தானே...

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாங்கத்தோடு இருவரும் போனோம். ஃப்ரேமுக்குப் பக்கத்திலேயே தாத்தாவின் படம், மாலையோடு. அடியில் மறைந்த தேதி. பஞ்சாங்கம் அதற்கு இரண்டு வருடம் பிந்தியது!

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

பூங்கொடி நியாயமாகத்தான் பேசினாள். தாத்தா உயிரோடிருந்தபோதே எழுதியிருக்கலாம், கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் அச்சடித்திருக்கலாம் என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"தாத்தா என்ன நோவுலங்க போனாரு?"

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"எளப்புலதான் சாமி."

பிறகு அவரே சொன்னார்: "அய்யன் பொய் சொல்லியிருக்க மாட்டாரு. குடிச்ச அன்னிக்கு நல்லா இருந்திருக்கும்."

"ஆமாங்க பெரியப்பா. அன்னிக்கு இருந்திருக்கும்."

அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தார். நாமக்கல்லில் டாக்டர் நன்றாகத் திட்டினார். மாத்திரை மறுபடி ஆரம்பம். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது.

குணமானதும் எல்லோரும் நன்றிக் கடிதம் எழுதிவிடுகிறார்கள். அடுத்த வருடம் எப்படி இருக்கிறீர்கள் என்று அவர்களுக்கு யார் எழுதுகிறார்கள்?