மச்சினனுக்கு நான் சொன்ன கதை

என் மனைவியின் தம்பிக்கு மனம் பேதலித்தபோது அவனை மதுரைக்கு வைத்தியத்துக்கு அனுப்பவிடாமல் தடுத்தவன் நான். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத முடியும்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. போடியில் ஒரு பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியர். என் மாமனாருக்குப் போடிமெட்டைத் தாண்டிய சரிவில் ஏலத்தோட்டம் இருந்தது. காய் உலர்த்தும் ஸ்டோரை மச்சினன் பார்த்துக்கொண்டான். வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியே உள்ளே போகும். பக்குவம் தவறினால் காயின் பச்சை வெளுத்துவிடும். நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுகிற கண் அவனுக்கு. ஓய்ந்த நேரத்தில் சாக்கின்மேல் கரியால் படம் போடுவான்.

கல்லூரி நாள்களில் நான் ஒரு டச்சு ஓவியரின் கடிதங்களைப் படித்துக் கிறங்கிப் போயிருந்தேன். தன் காதை அறுத்துக்கொண்டவர். மனநோய் விடுதியில் கிடந்தவர். முப்பத்தேழு வயதில் தன்னையே சுட்டுக்கொண்டவர். மச்சினனுக்கு மதுரையிலிருந்து வண்ணங்கள் வாங்கிக் கொடுத்து, அவரிடமிருந்து கற்றதையெல்லாம் சொன்னேன். கண்ணில் பட்ட நிறத்தை அப்படியே நகலெடுக்காதே, மனத்தில் பட்டதை வை. பச்சை துடிக்க வேண்டுமானால் பக்கத்தில் சிவப்பு இருக்கட்டும். ஒன்றையே பத்துத் தடவை வரை. இவையெல்லாம் நல்ல பாடங்கள்தான். செடியின் தூரில் குத்துக்காலிட்டுக் காய் பறிக்கும் பெண்களை அவன் சிவப்பு நிழலோடு வரைந்தான்.

"ஏன் சின்ன மொதலாளி, எனக்கென்ன அம்மையா போட்டிருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். படம் அருமையாக இருந்தது.

பாடங்களோடு நிறுத்தியிருக்கலாம். அந்த ஓவியரின் வாழ்க்கையையும் சொன்னேன். துன்பம்தான் அவரைக் கலைஞராக்கியது என்று சொன்னேன்.

அடுத்த பருவத்தில் அவனுக்குத் தூக்கம் போயிற்று. சாப்பாடு குறைந்தது. மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்த என் மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னே நின்றாள்.

"தம்பி மரத்தோட பேசுறான். நாளைக்கே ஜீப்புல ஏத்தி மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவோம்."

"அங்க கரண்டு வச்சு ஆளக் கட்டையாக்கிருவாங்க. இப்பத்தான் அவன் நல்லா வரையிறான். அவன மாதிரி ஆளுக அப்பிடித்தான் இருப்பாங்க."

"எந்த ஆளுக? காதறுத்த வெள்ளக்காரனா? அவனுக்குச் செத்த பெறகுதான பேரு வந்துச்சு? எந்தம்பிக்குப் பேரு வேணாங்க. ரெண்டு வாய் தின்னுட்டுத் தூங்குனாப் போதும்."

"உனக்குப் புரியாது."

மாமனாரும் என்னிடம் கேட்டார். கொஞ்ச நாள் பார்ப்போம் என்றேன். "படிச்ச மாப்ள சொன்னாச் சரி" என்று அவர் போய்விட்டார்.

பத்து நாள் சென்றிருக்கும். வகுப்பு நடக்கும்போது ஜீப்பு டிரைவர் வாசலுக்கு வந்து நின்றார்.

"சார், வெரசா வாங்க. ஒங்க மச்சினன் ஸ்டோர்க் குழாய்ல கையை வச்சுட்டாரு."

வலது கை. இரண்டு பேர் சேர்ந்து இழுக்கும்வரை எடுக்கவில்லையாம். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டவர்களிடம், "எம்புட்டு நேரம் தாங்குதுன்னு பாத்தேன்" என்றானாம். அதன் பொருள் எனக்கு மட்டும் தெரியும். தான் விரும்பிய பெண்ணைப் பார்க்க விடாதவர்கள் முன்னால் அந்த ஓவியர் விளக்குச் சுடரில் கையை நீட்டி, இது தாங்கும் நேரமாவது அவளைப் பார்க்கவிடுங்கள் என்று கேட்ட கதையை, அந்தக் குழாயின் பக்கத்தில் நின்று, தேநீர் குடித்துக்கொண்டே, ரசித்து ரசித்து அவனுக்குச் சொன்னவன் நான்.

மதுரையில் முதலில் கைக்கு வைத்தியம் பார்த்தார்கள், பிறகு மனத்துக்கு. ஒரு வருடத்தில் அவன் தெளிந்துவிட்டான். மூன்று விரல்கள் மட்டும் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு விரியவே இல்லை. இடது கையில் தூரிகையைப் பிடித்துப் பார்த்தான். சில வாரங்களில் விட்டுவிட்டான்.

அவன் வைத்தியத்தில் இருந்த அந்த வருடத்தில் ஓவியரின் கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். இந்த நோய் மட்டும் இல்லாதிருந்தால் இன்னும் எவ்வளவோ செய்திருப்பேனே என்று அவர் ஏங்கியிருக்கிறார். அது முன்பே நான் படித்த பக்கம்தான். என் பென்சில் கோடுகள் வேதனையைப் பேசும் வரிகளுக்குக் கீழே மட்டும் ஓடியிருந்தன.

போடிக் கிடங்கில் அவன் இடது கையால் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாப்ள, எல்லாம் என்னாலதான்" என்றேன்.

அவன் நிமிரவில்லை. "அந்தாளு தெளிவா இருந்த நாள்ல என்ன செஞ்சாரு மச்சான்?"

"வரைஞ்சாரு."

"அத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அந்த ஓவியரின் தெளிந்த நாள்களில் நான் சொல்லிச் சுவைக்கக் கதை எதுவும் இல்லை என்பதே உண்மையான பதில். அதை அவனிடம் சொல்லத் துணிவில்லாமல் எழுந்து வந்துவிட்டேன். பிறகும் முப்பது வருடம் அவன் உயிரோடு இருந்தான், அப்போதும் சொல்லவில்லை.