மோதிர விரலும் முருகன் கயிறும்

ரெபேக்காள் சிஸ்டர் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுந்து கை கழுவப் போவார்கள். அவர் வாயைத் திறக்கமாட்டார், சும்மா பார்ப்பார். அந்தப் பார்வைக்கே பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். மீதிப் பேர், கழுவியாயிற்று என்று ஈரக் கையைத் தூக்கிக் காட்டுவார்கள்.

கருங்குழியில் அறுப்புக்கும் நடவுக்கும் போன அப்பா அம்மாவுக்குப் பிறந்து, நர்சிங் படித்து, செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தவர். ஒன்பது வருடமாக அவருக்கு ஒரே வேலை: ஒருவர் கிருமி இன்னொருவருக்குப் போகாமல் காப்பது. கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு ஆரஞ்சு உரிக்கும் அத்தைகளைக் கீழே இறக்குவார். ஆபரேஷன் முடிந்தவரின் நெற்றிக்கு விபூதியோடு வரும் சித்தப்பாக்களை வாசலிலேயே மடக்குவார். வீட்டிலும் அதே சட்டம்தான். கணவர் கிருபாகரன் பஸ் கண்டக்டர். ஊரார் கைபட்ட சில்லறையைத் தொடுகிறவர் என்பதால் வாசல் குழாயிலேயே சோப்பு தொங்கும். கை கழுவாமல் கேட்கிற கேள்விக்கு அந்த வீட்டில் பதில் கிடையாது.

போன ஆடியில் அறுவைசிகிச்சை வார்டில் மூன்று பேருக்குத் தையல் சீழ் வைத்தது. நிர்வாகம் அரை மணி நேரம் கூடிப் பேசிக் குற்றவாளியைக் கண்டுபிடித்தது: தரை துடைக்கும் வரலட்சுமி. சனிக்கிழமையோடு அவரை நிறுத்திவிடுவது என்று முடிவு. திருப்போரூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர் வரலட்சுமி. மகளுடைய காலேஜ் படிப்பு இந்தச் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணி மாத்தாம ஒரு நாளாச்சும் தொடச்சிருக்கேனா சிஸ்டர்? நீங்கதான என் பின்னாலயே வந்துகினு கீறீங்க" என்றார். அது உண்மைதான். அவர் துடைத்துப் போவதும் பின்னாலேயே சிஸ்டர் பார்த்துப் போவதும் வார்டில் தினசரி ஊர்வலம்.

சிஸ்டரிடம் ஒரு பசை இருந்தது. கண்ணுக்குத் தெரியாது; ஊதா டார்ச் அடித்தால் மட்டும் பளீரென்று ஒளிரும். ஒழுங்காகத் துடைத்தால் போய்விடும். புதன்கிழமை மாலை யாருக்கும் தெரியாமல் கட்டில் கம்பி, சுவிட்சு, கதவுப்பிடி என்று இருபது இடங்களில் தடவிவைத்தார். மறுநாள் துடைத்து முடித்ததும் டார்ச்சோடு போனார். பத்தொன்பது இடம் சுத்தம். இருபதாவது, அலமாரி உச்சி, நட்சத்திரமாக மின்னியது. "எனக்கு எட்டாது. ஸ்டூல் கேட்டு ரெண்டு மாசமாவுது" என்றார் வரலட்சுமி.

தரை இல்லையென்றால் சீழ் எங்கிருந்து வந்தது என்று நிர்வாகம் கேட்டது. நியாயமான கேள்விதான். வெள்ளிக்கிழமை காலை, புண்ணைத் தொடுகிற எல்லோரையும் சிஸ்டர் வரிசையில் நிறுத்தினார். அதே பசையைக் கையில் தடவி, வழக்கம்போலக் கழுவிவிட்டு, டார்ச் பொருத்திய அட்டைப்பெட்டிக்குள் கையை நீட்ட வேண்டும்.

முதல் ஆள் சர்ஜன் வாசுதேவன். உள்ளங்கை சுத்தம், விரலிடுக்கு சுத்தம். மணிக்கட்டில் திருப்போரூர் முருகன் கோயில் கயிறு மூன்று. மூன்றும் தேர்த் திருவிழா சீரியல் பல்பு மாதிரி எரிந்தன. கட்டிய கயிற்றை அறுக்கக் கூடாது, தானாக இற்று விழ வேண்டும் என்பது வழக்கம். பழைய கயிறு விழுவதற்குள் டாக்டர் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

கயிற்றைக் கழற்றச் சொன்னதும் டாக்டருக்கு முகம் சிவந்தது. "மோதிரத்தப் போட்டுக்கிட்டு எனக்குச் சொல்றீங்களே சிஸ்டர். உங்க கைய வைங்க, பாப்போம்."

ரெபேக்காள் யோசிக்காமல் வைத்தார். ஊருக்கே கை கழுவச் சொல்லிக்கொடுத்த கை அல்லவா? இருபத்துநான்கு வருடமாகக் கழற்றாத கல்யாண மோதிரத்தைச் சுற்றி நீலமாக ஒரு வட்டம் கொழுந்துவிட்டது.

ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வேறு யார், வரலட்சுமிதான். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. அந்த மூன்று தையல்களையும் தினமும் குனிந்து பார்த்தவர் அவர். கையுறை போட்டுக்கொண்டுதான், ஆனால் அந்தக் கையுறையை எடுத்து மாட்டியதும் இதே விரல்தானே? உட்கார்ந்து அறிக்கை எழுதினார்: எந்தக் கையிலிருந்து போனது என்று யாராலும் சொல்ல முடியாது, டாக்டர் கயிறாக இருக்கலாம், என் மோதிரமாக இருக்கலாம், வரலட்சுமியின் துடைப்பான் இல்லை. கையெழுத்துப் போட்டு டாக்டரிடம் நீட்டினார். அவர் இரண்டு முறை படித்தார். "அறுக்கமாட்டேன். அவுத்துக்கறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

தண்ணீரில் ஊறிக் கல்லாகிப்போன முடிச்சுகள். இரண்டு இடுக்கி வைத்து அவிழ்க்க முக்கால் மணி நேரம் ஆனது. அப்பெண்டிக்ஸுக்கே இவ்வளவு நேரம் ஆகாது என்று வரலட்சுமி கணக்குச் சொன்னார். கயிறுகள் இப்போது டாக்டரின் கார் கண்ணாடியில் தொங்குகின்றன.

மோதிரம் அதைவிடப் பிடிவாதம். சோப்புக்கும் அசையவில்லை, தேங்காயெண்ணெய்க்கும் அசையவில்லை. கடைசியில் வரலட்சுமி தையல் நூலை வாங்கி, மோதிரத்துக்கடியில் ஒரு முனையை நுழைத்து, விரல் கணு வரை இறுக்கச் சுற்றி, அடியிலிருந்து மெல்லப் பிரித்தார். "கண்டக்டரு நல்லாத்தான் சோறு போட்டு வளத்துகினு கீறாரு" என்று சொல்லி முடிப்பதற்குள் மோதிரம் அவர் கையில் இருந்தது.

சனிக்கிழமை வேலைநீக்கக் கடிதம் வரவில்லை. நிர்வாகம் மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு ஸ்டூல் வந்தது.

வெள்ளிக்கிழமை மாலையே கிருபாகரன், வாசலில் செருப்பைக் கழற்றும்போது, மனைவியின் வெறும் விரலைப் பார்த்துவிட்டார். "மோதிரம் எங்க?" என்றார்.

ரெபேக்காள் குழாயைக் காட்டினார். கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக, அந்த மனிதர் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார்.